பேசாலையில் அடிக்கும் ரெலிபோன்

செவ்வாய்க்கிழமை விடிந்ததில் இருந்து மாக்கஸ் வீட்டு ரெலிபோன் ஒரு தரமும் அடிக்கவில்லை. ரொறன்ரோவின் வோபர்னிலும் அடிக்கவில்லை. மன்னாரில் பேசாலையிலும் அடிக்கவில்லை.

ஒரு வீட்டு ரெலிபோன் இரண்டு ஊரில் எப்படி அடிக்கும் என்று இன்றைக்குத்தான் வாசிக்கத் தொடங்குகிறவர்கள் கேட்கலாம். மாக்கஸ் சொந்த ட்ரக் ஓட்டுகிறவன். பிறம்ரனில் சாமான் ஏற்றி மேற்கே வினிப்பெக் வரை போய் இறக்குவான். அங்கே ஏதாவது கிடைத்தால் ஏற்றிக்கொண்டு திரும்புவான். லோட் கொடுக்கிறவர்கள் கூப்பிடுவது வீட்டு நம்பருக்கு. இருபது வருடமாக அதே நம்பர்தான். ட்ரக் கதவிலும் அதைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறான்.

அந்த நம்பரை எடுக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. அவன் ஸ்ரேறிங்கில் இருப்பான். மனைவி அன்ரனெற் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற ஒரு லோண்டறியில் வேலை. அங்கே வேலை நேரத்தில் போனைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள். மகள் ஷரோன் ஒஷாவாவில் ஒரு மருந்துக்கடையில்.

வழி கண்டுபிடித்தவள் ஷரோன். இன்ரர்நெற்றில் வரும் கோலை வீட்டு ரெலிபோனுக்குக் கொடுக்கிற கறுத்தப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும். அதில் ஒன்றை வோபர்ன் வீட்டில் வைத்தாள். இன்னொன்றை மன்னார்க் கன்னியர் மடத்துக்குப் போன ஒரு சிஸ்டரின் கையில் கொடுத்து, பேசாலையில் இருக்கும் மாக்கஸின் அக்கா பேர்ணடெற்றுக்கு அனுப்பினாள். ரெலிபோனில் நாலைந்து பட்டனை அழுத்திவிட்டால் வோபர்னுக்கு வரும் கோல் அப்படியே பேசாலைக்குத் திரும்பிவிடும். பேர்ணடெற் எடுப்பாள், ஆங்கிலத்தில் பேசுவாள், மாக்கஸுக்குச் சொல்லுவாள். கூப்பிட்டவன் அடுத்த தெருவில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனை வைப்பான்.

ஒன்றரை வருடம் ஒரு பிசகும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதுதான், கூடப் பூசைக்கு வருகிற றஜிதா அன்ரனெற்றிடம் வாயைத் திறந்தாள். "உங்கடை வீட்டுக்கு எடுத்து உங்கடை மச்சாளோடை கதைச்சனான். 'நான்தான் ஒபிஸ் மனேஜர், என்ன விஷயம்?' எண்டு கேக்கிறா." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அன்ரனெற் அந்தச் சிரிப்பை வீடு வரை கொண்டுபோனாள். கோட்டைக் கூடக் கழற்றாமல் பேசாலைக்குப் போன் எடுத்தாள்.

"என்ரை வீட்டுக்கு நீங்கள் மனேஜரோ? ஆர் உங்களுக்குச் சம்பளம் தாறது எண்டு தெரியுமோ?"

பேர்ணடெற் சண்டை பிடிக்கவில்லை. "சரி. இனி உம்மடை போன் உம்மடை வீட்டிலையே அடிக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

அதோடு இரண்டு பேருக்கும் கதை இல்லை.

*

லோண்டறியில் அன்ரனெற்றின் இடம் பெரிய இஸ்திரி மெஷினின் வாயடி. ஈரமான பெட்சீற்றின் ஒரு மூலையை அவள் பிடிக்க, மறு மூலையைக் குணவதி பிடிக்க, மெஷின் உள்ளே இழுக்கும். இழுத்து முடிய அடுத்தது. யார் படுத்த துணி, யார் செத்த துணி என்று யோசித்தால் வேலை ஓடாது. மூலை தவறினால் துணி மடிந்து சிக்கும், சிக்கினால் பின்னால் மடிக்கிறவர்கள் ஏசுவார்கள். பனிக்காலத்திலும் அங்கே சட்டை நனைந்துதான் நிற்கும்.

அன்று காலையிலேயே அவள் நாலைந்து மூலைகளைத் தவற விட்டிருந்தாள்.

"என்ன, ராவு நித்திரை இல்லையோ?" என்றாள் குணவதி.

"இவர் நேற்றுப் பின்னேரம் எடுத்தவர். பனி கொட்டுதாம். படுக்க முந்தி எடுக்கிறன் எண்டவர். எடுக்கேல்லை."

"சிக்னல் இருந்திராது."

"இருந்திராதுதான்."

தேத்தண்ணி நேரத்துக்கு மணி அடித்ததும் ஓடிப்போய் லொக்கரைத் திறந்தாள். போனில் றெமிஜியஸின் தவறிய கோல்கள் வரிசையாகக் கிடந்தன. றெமிஜியஸும் அதே ரோட்டில் ட்ரக் ஓடுகிறவன். திருப்பி எடுத்தாள்.

"அக்கா, பதறாதேங்கோ," என்று தொடங்கினான்.

அவள் போனைக் காதோடு இறுக்கினாள்.

"அண்ணை எனக்கு முன்னாலை போனவர். நான் பனியைப் பாத்திட்டு சூ சென்ற் மேரியிலை நிண்டிட்டன். அவர் அங்காலை வாவா ரவுண் மட்டும் போய் நிக்கிறன் எண்டார். பிறகு ரோட்டையே பூட்டிப்போட்டாங்கள்."

"நீர் அவருக்கு எடுத்தனீரோ?"

"ராவு முழுக்க எடுத்தன். செல் ஓஃபிலை கிடக்கு. வீட்டுக்கு ஏதும் சொல்லியிருப்பார் எண்டு உங்கடை நம்பருக்கு அடிச்சன். எங்கேஜ்."

"எங்கேஜோ?"

"காலமை தொடக்கம் எங்கேஜ் அக்கா. ஆரோ வைக்காமல் கதைக்கினம்."

அன்ரனெற் தன்னுடைய வீட்டு நம்பரைத் தானே அழுத்தினாள். எங்கேஜ். திரும்ப அழுத்தினாள். திரும்பவும் அதே சத்தம், பல்லில் குத்துகிற மாதிரி.

"என்ரை மனிசனைக் காணேல்லை. உவ பேசாலையிலை இருந்துகொண்டு ஆரோடையோ அலட்டுறா!"

குணவதி தின்றுகொண்டிருந்த பணிஸைக் கீழே வைத்தாள். "அப்ப அவவின்ரை செல்லுக்கு நேரை எடுமன்."

"எடுக்க மாட்டன்."

"புருஷனைக் காணேல்லை எண்டுறீர், பிறகென்ன ரோசம்?"

"உங்களுக்குத் தெரியாது குணவதி அக்கா. அவர் அந்த நம்பருக்குத்தான் அடிச்சிருப்பார். அவவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கோவத்திலை எனக்குச் சொல்லாமல் வைச்சிருக்கிறா."

அவள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. மாக்கஸுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான். அன்ரனெற்றின் செல் நம்பர் போன வருடம் மாறியது. புது நம்பர் அவனுடைய போனுக்குள் இருந்தது, தலைக்குள் இல்லை. செல் செத்து, பனிக்குள் நிற்கிற மனிதன் யாரிடமாவது ஒரு போனை வாங்கினால் அவன் அழுத்தக்கூடிய நம்பர் வீட்டு நம்பர் ஒன்றுதான். அது எங்கேஜ் என்றால் அவனுக்கு வீடே இல்லை.

மணி அடித்தது. திரும்ப மெஷினடி. முதல் துணியிலேயே அன்ரனெற்றின் மூலை கையை விட்டுப் போனது. இரண்டாவதிலும் போனது.

"போம்," என்றாள் குணவதி.

"எங்கை போறது?"

"வீட்டை. நான் ரெண்டு மூலையும் பிடிக்கிறன்."

"ஒராளுக்கு ஏலாது."

"ஏலாட்டி மெஷின் நிக்கும். நிண்டால் சூப்பவைசர் ஓடி வருவான். வந்தால் அவனைப் பிடிக்கச் சொல்லுறன். அவனுக்கும் கை ரெண்டு இருக்குத்தானே."

அன்ரனெற் கையுறையைக் கழற்றிவிட்டு மகளுக்கு எடுத்தாள்.

*

பேசாலையில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். பேர்ணடெற் முகம் கழுவி, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட பிளவுஸ் உடுத்தி ரெலிபோன் மேசையடியில் இருந்தாள்.

கோல் வராது என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அன்ரனெற் போனை வைத்த கையோடு பேர்ணடெற் தன்னுடைய பெட்டிக்கு வருகிற எல்லாவற்றையும் வோபர்னுக்கே திருப்பி விட்டிருந்தாள். சொன்னால் சொன்னதுதான். ஆனால் ஒன்றரை வருடம் இந்த நேரத்தில் இந்தக் கதிரையில் இருந்த உடம்பு அது. வேறு இடத்தில் இருக்கச் சொன்னால் இருக்காது.

இளவயதில் மீன் வாடியில் கருவாடு புரட்டியவள் பேர்ணடெற். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், அவளுடைய குரல் நல்லாயிருக்கிறது என்று நிவாரண ஒபிசில் ரெலிபோனடியில் இருத்தினார்கள். வெளிநாட்டில் இருந்து யாருக்காவது கோல் வந்தால் ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட வேண்டும். சனம் கஞ்சி வரிசையை விட்டு ஓடி வரும். சிலர் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். சிலர் அந்த இடத்திலேயே விழுவார்கள். அவளுடைய ஆங்கிலம் அங்கே கேட்டுக் கேட்டுப் பிடித்த ஆங்கிலம். ரெலிபோன் அடித்தால் எடுக்க வேண்டும் என்கிற புத்தியும் அங்கே பிடித்ததுதான்.

செல்லில் கனடா வானிலையைப் பார்த்தாள். ஒன்ராரியோவின் வடக்கு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மாக்கஸ் போகிற ரோட்டு அது.

கோலெல்லாம் இப்போது வோபர்னில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அடிக்குமே என்று யோசித்தாள். எடுக்க ஆளில்லையே. திருப்பி விட்டதைக் கழற்றிவிடலாம் என்று ரெலிபோனைத் தூக்கினாள். 'ஆர் உங்களுக்குச் சம்பளம் தாறது' என்ற வார்த்தை ஞாபகம் வந்தது. வைத்துவிட்டாள்.

ஏதும் என்றால் அன்ரனெற் சொல்லுவாள்தானே.

அங்கே அன்ரனெற்றும், மச்சாள்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மகளின் காருக்குக் காத்து நின்றாள்.

*

"அம்மா, சீற் பெல்ற்," என்றாள் ஷரோன்.

"நீ ஓடு."

"போட்டால்தான் ஓடுவன்."

அன்ரனெற் பெல்ற்றை இழுத்துப் போட்டாள். எலிஸ்மியர் ரோட்டில் பனிச் சேறு இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கிடந்தது. இங்கே வெயில். நல்ல பளிச்சென்ற வெயில். அதைப் பார்க்க அவளுக்கு எரிச்சல் வந்தது.

"டாட் பத்து வருஷமா அந்த ரோட்டிலை ஓடுறார். ஹீ நோஸ் வட் டு டூ."

"தெரிஞ்ச ஆக்கள்தான் போய் மாட்டுறது. தெரியாதவன் றெமிஜியஸ் மாதிரி நிண்டிடுவான்."

ஷரோன் காரின் ஸ்பீக்கரில் வீட்டு நம்பரைப் போட்டாள். எங்கேஜ் சத்தம் கார் முழுக்க நிறைந்தது.

"பார், உன்ரை மாமி இன்னும் கதைக்கிறா."

ஷரோன் புருவத்தைச் சுருக்கினாள். "வெயிற். உது எங்கேஜ் டோன் இல்லை அம்மா. எங்கேஜ் எண்டால் மெதுவா அடிக்கும். உது கெதியா அடிக்குது. கோல் போய்ச் சேரேல்லை எண்டுற சத்தம்."

"எனக்கு எல்லாம் ஒண்டுதான்."

வீட்டுக்குள் போனதும் ஷரோன் சப்பாத்தோடேயே பெட்டியடிக்கு ஓடினாள். பச்சை வெளிச்சம் ஒழுங்காக எரிந்தது. ரெலிபோனைத் தூக்கிக் காதில் வைத்தாள். விட்டு விட்டு ஒரு சத்தம் வந்தது.

"பேசாலைக்குப் போவேர்ட் பண்ணினது இன்னும் ஓனிலைதானே இருக்கு? நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கழட்டப் போறன் எண்டு சத்தம் போட்டனீங்கள்."

"கழட்டேல்லை." அன்ரனெற் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கோவத்திலை சொன்னனான். திங்கட்கிழமை வேலைக்குப் போற அவதியிலை விட்டிட்டன். அவதான் எப்பிடியும் எடுப்பாதானே எண்டு."

"அப்ப மாமியின்ரை பக்கம்தான் ஏதோ. கோல் ஹேர்."

"நீ எடு."

"நோ. நீங்கள்தான் சண்டை பிடிச்சது. நீங்கள் எடுங்கோ."

"ஷரோன்!"

"டாட் அங்கை நிக்கிறார் அம்மா. இப்ப ரோசம் பாக்கிற நேரமோ?"

ஒரே நாளில் இரண்டு பேர் அதையே கேட்டுவிட்டார்கள். அன்ரனெற் செல்லை எடுத்து வீடியோவில் பேசாலையை அழுத்தினாள். ஒரு தரம்தான் அடித்திருக்கும். பேர்ணடெற்றின் முகம் வந்தது.

இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். "மாக்கஸ் எடுத்தவனோ?" "இவர் எடுத்தவரோ?"



"எனக்கெப்பிடி எடுப்பான்?" என்றாள் பேர்ணடெற். "உங்கைதானே எடுப்பான்."

"இஞ்சை எப்பிடி மச்சாள்? எல்லாக் கோலும் உங்களுக்குத்தானே வரும். நான் ஒண்டையும் கழட்டேல்லையே."

"கழட்டேல்லையோ? நான் ஞாயிற்றுக்கிழமையே எல்லாத்தையும் உம்மடை வீட்டுக்குத் திருப்பி விட்டிட்டன்!"

ஷரோன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தாள். "ஓ மை கோட்."

"என்னடி?"

"டாட் இஞ்சை அடிக்கிறார். எங்கடை பெட்டி பேசாலைக்குப் போ எண்டுது. அங்கை போனால் மாமியின்ரை பெட்டி ரொறன்ரோக்குப் போ எண்டுது. இஞ்சை வந்தால் திரும்பப் பேசாலைக்குப் போ. கோல் உப்பிடியே சுத்திச் சுத்தி ஓடி ஒரு இடத்திலை செத்துப்போகும். இஞ்சையும் அடிக்காது, அங்கையும் அடிக்காது. அடிக்கிற ஆளுக்கு எங்கேஜ் எண்டுதான் கேக்கும்."

நீ முதலில் பேசு, நீ முதலில் பேசு என்று இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்த இரண்டு நாளும், பெட்டிகளும் அதையேதான் செய்துகொண்டு இருந்திருக்கின்றன.

"அவன் அடிச்சிருப்பான்," என்றாள் பேர்ணடெற் மெல்ல. "அடிச்சு அடிச்சுப் பாத்திருப்பான்."

"சரி, இப்ப ஒண்டைக் கழட்டினால் காணும்," என்றாள் ஷரோன். "இஞ்சை இருக்கிறதைக் கழட்டுறன். அம்மா, உங்கடை செல்லுக்கே நேரை வர விடுவம். நீங்களே எடுங்கோ."

அன்ரனெற் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்."

"ஏன் அம்மா?"

"ஒரு பொலிஸ்காரன் எடுத்து உங்கடை மனிசனுக்கு இப்பிடி எண்டு சொன்னால், எந்த ஆஸ்பத்திரி, எந்த ரோட்டு எண்டு நான் கேப்பனோ? அழுவன். அவன் போனை வைச்சிடுவான்." பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள். "இவரும் அக்கா எடுப்பா எண்டு நினைச்சுத்தான் அடிப்பார். மச்சாள், அங்கையே அடிக்கட்டும். நீங்களே எடுங்கோ."

பேர்ணடெற்றின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. செல்லை மேசையில் சீனிப் பேணியில் சாத்தி வைத்தாள். ரெலிபோனைத் தூக்கினாள். நட்சத்திரப் பட்டனையும் எழுபத்து மூன்றையும் அழுத்தினாள். "கழட்டியாச்சு. ஒருக்கா அடிச்சுப் பார் பிள்ளை."

ஷரோன் வீட்டு நம்பரை அடித்தாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அந்த மணியின் சத்தம் திரையின் வழியாக வோபர்னுக்கு வந்தது. அன்ரனெற் தன்னுடைய வீட்டு ரெலிபோன் பேசாலையில் அடிக்கிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்டாள்.

*

ஷரோன் அடுத்த அறைக்குப் போய்ப் பொலிசுக்கு எடுத்தாள். ட்ரக் நம்பர், நிறம், கதவில் உள்ள எழுத்து எல்லாம் அவள் சொல்லுவது கேட்டது. அன்ரனெற் குசினி மேசையில் செல்லை நிறுத்தி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், கோட்டையும் கழற்றாமல் இருந்தாள். அங்கே பேர்ணடெற்றும் அப்படித்தான் இருந்தாள். நாய் ஒன்று பேசாலையில் குரைத்தது வோபர்னில் கேட்டது.

மணி அடித்தது.

அன்ரனெற் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். பேர்ணடெற் இரண்டாவது மணி முடிய விட்டுத்தான் எடுத்தாள்.

"குட் ஆஃப்ரநூன், மாக்கஸ் ட்ரான்ஸ்போர்ட்."

நள்ளிரவுக்குக் கிட்ட, கிணற்றடித் தவளைகள் கத்த, அவள் குட் ஆஃப்ரநூன் சொன்னாள். மறுபக்கம் மாக்கஸ் இல்லை. லோட் கொடுத்த கொம்பனிக்காரன். சாமான் ஏன் வினிப்பெக்கில் இறங்கவில்லை என்று சத்தம் போட்டான். அவள் போடவிட்டாள். போட்டு முடிய, பனியால் ரோட்டைப் பூட்டியிருக்கிறார்கள், ட்ரைவர் ரோட்டுத் திறக்கக் காத்து நிற்கிறார், இறக்குகிறதுக்குப் புது நேரம் எனக்கு வேண்டும், நாளைக்குப் பின்னேரம் தருகிறாயா இல்லை நாளையிண்டைக்குக் காலமை தருகிறாயா என்று கேட்டாள். அவன் மனேஜரோடு பேச வேண்டும் என்றான்.

"ஐ ஆம் த ஒபிஸ் மனேஜர்," என்றாள் பேர்ணடெற்.

அவன் நாளை மறுநாள் காலை என்று நேரம் கொடுத்தான்.

குரல் ஒரு இடத்திலும் ஆடவில்லை. ஆனால் திரையில் அன்ரனெற்றுக்கு மற்றக் கையும் தெரிந்தது. அது பிளவுஸ் நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கி வைத்திருந்தது.

"உப்பிடியோ மச்சாள்? ஒவ்வொரு நாளும் உப்பிடியோ?"

"வேறை எப்பிடி? கிளார்க் எண்டு சொன்னால் மனேஜரைக் கூப்பிடு எண்டுவாங்கள். கூப்பிட இஞ்சை ஆர் இருக்கினம்? நானும் பின்வளவிலை ரெண்டு ஆடும்."

அன்ரனெற்றுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது. "மச்சாள், ஞாயிற்றுக்கிழமை நான் கதைச்ச கதை..."

"அதைப் பிறகு கதைப்பம். நீர் ஒரு வாய் தண்ணி குடியும். முகம் வெளுத்துக் கிடக்கு."

அவள் தண்ணீர் எடுக்க எழும்பும்போது ஷரோன் வந்தாள். "வாவாக்குக் கிட்ட கன ட்ரக் நிக்குதாம். ட்ரைவர்மாரை ஊர்ச் சனம் ஒரு சேர்ச் ஹோலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கினமாம். டாட் அதுக்குள்ளை இருக்கிறாரோ தெரியாதாம். பாத்திட்டு எடுக்கிறம் எண்டினம்."

"எந்த நம்பருக்கு எடுக்கச் சொன்னனீ?"

"வீட்டு நம்பருக்குத்தான்."

"சரி. அங்கை ஆள் இருக்கு," என்றாள் அன்ரனெற்.

கொஞ்ச நேரம் மணி அடிக்கவில்லை. பேர்ணடெற் ரெலிபோனைப் பார்த்தாள். அன்ரனெற் பேர்ணடெற்றைப் பார்த்தாள். கருவாடு புரட்டின கையோடு ஒரு மேசையடியில் இருந்து ரொறன்ரோவின் பகலை நடத்துகிற மனிசி. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சம்பளக் கணக்குச் சொன்னேனே என்று அன்ரனெற் நினைத்தாள்.

மணி அடித்தது. பேர்ணடெற் எடுத்து, ஸ்பீக்கர் பட்டனையும் அழுத்தினாள்.

"குட் ஆஃப்ரநூன், மாக்கஸ் ட்ரான்ஸ்..."

"அக்கா!"

வோபர்னில் தண்ணீர்க் கிளாஸ் சரிந்து மேசை முழுக்க ஓடியது. ஷரோன் தாயைப் பின்னால் இருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எடே, எங்கையடா நிக்கிறாய்?"

"வாவாக்கு இஞ்சாலை, ஒரு சேர்ச் ஹோலிலை. எத்தினை தரம் அடிச்சனான் தெரியுமோ அக்கா? எப்ப பாத்தாலும் எங்கேஜ். நீ ஆரோடை அப்பிடிக் கதைச்சனீ? இஞ்சை குசினிக்காரி போனைத் தா எண்டு கரண்டியோடை நிக்கிறாள்."

"அது பிறகு சொல்லுறன். கை கால் எல்லாம் இருக்கோ?"

"எல்லாம் இருக்கு. லைற்றிலை ஐஸ் பிடிச்சிட்டுது எண்டு இறங்கித் தட்டினன். செல் பொக்கற்றுக்குள்ளை இருந்து பனிக்குள்ளை விழுந்திட்டுது. குனிஞ்சு தேடுறன், பனி வழிக்கிற வண்டி வந்து வாரிக்கொண்டு போட்டுது. இன்னும் ஒரு நிமிஷம் நான் ரோட்டிலை நிண்டிருந்தால் என்னையும் வாரியிருப்பான்."

"சாப்பிட்டியோ?"

"சூப் தந்தவை. பட்டாணி சூப். உப்பில்லை."

"குடி. ஊர்ச் சனம் அந்தப் பனிக்குள்ளை ஏத்திக்கொண்டு போய் இருத்திச் சோறு தருது. உப்புக் கேக்காதை."

அன்ரனெற் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். பேச வேண்டும் போல இருந்தது. பேசினால் உடைந்துபோவேன் என்று தெரிந்தது. சரி, குரல் கேட்கிறது, அது போதும் என்று நின்றாள்.

மாக்கஸின் குரல் திடீரென்று இறங்கியது. யாருக்கோ மறைவாக, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிற மாதிரி.

"அக்கா, ஒரு விஷயம். இந்த முறை நான் வினிப்பெக்குக்கு லோட்டுக்காக மட்டும் வெளிக்கிடேல்லை. உனக்கு மட்டும் சொல்லுறன். அன்ரனெற்றுக்குச் சொல்லிப்போடாதை."

ஷரோனின் கை தாயின் தோளில் அப்படியே நின்றது.

பேர்ணடெற் சீனிப் பேணியில் சாத்தியிருந்த செல்லைப் பார்த்தாள். அதற்குள் அன்ரனெற்றின் முகம் இருந்தது. ஒரு விரலால் தட்டினால் செல் கவிழ்ந்துவிடும். இன்ரர்நெற் விட்டுப்போச்சு என்று நாளைக்குச் சொல்லலாம். தம்பியின் ரகசியம் தம்பிக்கும் அக்காவுக்கும் இடையில் கிடக்கும். உலகத்தில் எந்த அக்காவும் அதைத்தான் செய்வாள்.

அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாக்கஸ், நில்லு. உன்ரை மனிசி கேட்டுக்கொண்டு இருக்கிறா. இது அவவின்ரை வீட்டு ரெலிபோன். இனிச் சொல்லு."

வடக்கே அந்தச் சேர்ச் ஹோலில் கோப்பைகள் முட்டுகிற சத்தம் பேசாலைக்கு வந்தது. பேசாலையில் இருந்து வோபர்னுக்கு வந்தது. குசினிக்காரி ஆங்கிலத்தில் போனைக் கேட்டாள்.

ஆனால் அவன் போனை வைக்கவில்லை.